கண்ணடித்த மாப்பிள்ளை

எங்கள் ஒவெங் கிராமத்தில் பெண் கேட்கப் போகிறவர்களுக்கு முதலில் வேண்டியது சீர்ப் பன்றி அல்ல, நான்தான். பன்றியை எங்கே வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். பெண் வீட்டு முற்றத்தில் நின்று மாப்பிள்ளைக்காகப் பேச, சனகா ஆற்றின் இந்தக் கரையில் அனாக்லே எசிம்பியை விட்டால் ஆள் கிடையாது. ஊரே இப்படிச் சொல்லும் என்று எழுத ஆசைதான். உண்மையில் அதை அதிகம் சொன்னவன் நான்.

மற்றபடி நான் கோகோ தோட்டக்காரன். தோட்டத்தில் வேலை செய்ததைவிட, புகை மூட்டி உட்கார்ந்து, மரங்களையே சபையாக நினைத்துக்கொண்டு பேசிப் பழகியதுதான் அதிகம். புகை வாசத்துக்குச் சிவப்பு ஈக்கள் வரும். வந்து கணுக்காலில் சுருக்கென்று கடிக்கும். ஈயை அடிக்க நிறுத்தினால் பேச்சின் ஓட்டம் கெட்டுவிடும் என்பதால் நான் நிறுத்துவதில்லை. அந்த ஈக்களுக்குப் பேச்சையும் கொடுத்து விருந்தும் வைத்திருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாற்பத்தாறு வயதில் எனக்குக் கல்யாண ஆசை வந்தது. கூட்டுரோட்டில் மாவுருண்டையும் பீன்ஸும் விற்கும் அபோமோ, கணவனை இழந்து சில வருஷமாகத் தனியாக இருந்தாள். தினமும் காலையில் அவள் கடைக்குப் போவேன். என் பேச்சைப் பாதியில் வெட்டுகிற தைரியம் அவளுக்கு மட்டும்தான் இருந்தது. வாயில் சூடாக ஒரு உருண்டையைத் திணித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவாள். அதைக் காதல் என்று நான் எடுத்துக்கொண்டேன். அதிர்ஷ்டவசமாக அது காதலாகவும் இருந்தது.

"சரி, கட்டிக்கிறேன். ஆனா ஒரு கண்டிஷன்," என்றாள். "எங்க பெரியப்பா வீட்டு முத்தத்துல நீ வாயத் தொறக்கக் கூடாது."

"நான் மாப்பிள்ளைம்மா. நம்ம வழக்கத்துல மாப்பிள்ளை எங்க பேசுவான்? தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பான்."

"வழக்கமும் எனக்குத் தெரியும். உன்னயும் எனக்குத் தெரியும். அதான் சொல்றேன்."

எனக்காகப் பேச என் சித்தப்பா மகன் எவூனாவை ஏற்பாடு செய்தேன். நல்ல பையன், லாரி ஓட்டுகிறவன். பேச்சும் லாரி மாதிரியே இருக்கும். கிளம்பச் சிரமப்படும், மேட்டில் நின்றுவிடும். ஆற்றைக் கடக்கும்போது படகில் ஒத்திகை பார்த்தான். "ஐயா, வணக்கம். நாங்க பொண்ணு கேக்க வந்திருக்கோம். பன்னி கொண்டாந்திருக்கோம்," என்றான். அவ்வளவுதான்.

"மீதி எங்கடா?"

"மீதியா? பன்னிதான் இருக்கே, அண்ணே."

நடு ஆற்றில் அந்தக் கணத்தில் நான் முடிவு செய்துவிட்டேன். என் கல்யாணத்துக்கு நானே பேசுவேன். வழக்கம் உடைந்தால் உடையட்டும். அபோமோவைப் பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம்.

அன்று காலையில் எழுந்தபோதே வலது மணிக்கட்டு அவித்த மரவள்ளிக் கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் இது யாருக்கும் அதிசயமில்லை. கை வீங்கும், நமைக்கும், நாலைந்து நாளில் வடிந்துவிடும். கோட்டின் கைப்பித்தானைப் போட முடியாததுதான் எனக்குக் கவலை. கண் ஓரத்தில் ஏதோ உறுத்தியது. படகில் தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

அபோமோவின் பெரியப்பா ஸீபி, அக்கரையில் நீர் பாறைகளில் விழுந்து நுரைத்து ஓடும் இடத்தில் குடியிருப்பவர். அந்த வேகத் தண்ணீரில் பிறக்கும் குட்டிக் கறுப்பு ஈ வேறு வகை. அது கடித்துக் கடித்தே பல வருஷங்களுக்கு முன் அவருடைய இரண்டு கண்ணும் போய்விட்டன. ஆனால் முற்றத்தில் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாமல் போனதில்லை. அவருக்குப் பக்கத்தில், நாற்காலி நிறைய, அவருடைய தங்கை ஒடீல் அத்தை. ஆரஞ்சு நிறத்தில் புதுத் தலைத்துணி கட்டிக்கொண்டு, சந்தையில் ஆட்டின் பல்லைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அபோமோ பெண்களோடு பின்னால் நின்றாள்.

எவூனா எழுந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு எழுந்தேன். கூட்டத்தில் முணுமுணுப்பு.

"யாரு எந்திரிச்சது?" என்றார் ஸீபி.

"மாப்பிள்ளையே எந்திரிச்சிருக்கான்," என்றாள் அத்தை. "வெக்கங்கெட்டவன்."

"பேசட்டும். எவ்வளவு தூரம் போறான்னு பாப்போம்."

போனேன். ஆற்றிலிருந்து ஆரம்பித்தேன், முன்னோர்களுக்கு வந்தேன், தனி மரம் தோப்பாகாத கதையைச் சொன்னேன். அப்போதுதான் வலது கண்ணில் அது அசைந்தது. தூசி அசையாது. இது கண்ணின் வெள்ளையில், தோலுக்கு அடியில், நிதானமாக நகர்ந்தது. கண்ணீர் கொட்டியது.

"பாவம், அழுவுறாருடி," என்று ஒரு பெண் சொன்னது கேட்டது.

யோக்கியன் என்றால் அங்கேயே நிறுத்தியிருப்பான். எனக்கோ அந்தக் கண்ணீர் வரமாகப் பட்டது. குரலைத் தழுதழுக்க வைத்தேன். இன்னும் இரண்டு பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். என் வாழ்க்கையிலேயே சிறந்த பேச்சு இதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே இமை என் பிடியை விட்டுப் போனது. வலது கண் தானாக மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தது ஒடீல் அத்தை.

அத்தை மெதுவாக எழுந்தாள்.

"அண்ணே, இந்த ஆளு என்னப் பாத்துக் கண்ணடிக்கிறான்."

"யாரு?"

"மாப்பிள்ளை! பொண்ணு கேக்க வந்த எடத்துல பொண்ணோட அத்தையப் பாத்து! இதோ, மறுபடியும்!"

முற்றம் கொதித்தது. எவூனா பன்றியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஓடினால் அதையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தானாம். நான் "இல்ல அத்தை, இல்ல அத்தை" என்று சொல்லச் சொல்ல, கண் "ஆமாம் அத்தை, ஆமாம் அத்தை" என்று சிமிட்டிக்கொண்டே இருந்தது.

அபோமோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கட்டை விரலால் இமையைத் தூக்கினாள்.

"கண்ணடிக்கலத்தை," என்றாள். "கண்ணுல புழு ஓடுது."

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. மொத்த சபையும் என்னைச் சுற்றிக்கொண்டது. வரிசையில் நின்று பார்த்தார்கள். "தள்ளு, நான் பாக்கல", "நூல் மாதிரி இருக்குடி", "தலை எந்தப் பக்கம்?" என்று ஒரே பேச்சு. ஆயுள் முழுக்க நான் தேடிய கூட்டம் அன்றைக்குக் கிடைத்தது, என் வாயைப் பார்க்காமல் என் கண்ணைப் பார்க்க.

ஒருத்தி உப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒருத்தன் பனங்கள்ளை ஊற்றலாம் என்றான். ஒரு கிழவர் எலுமிச்சை முள்ளை ஒடித்து எடுத்துவந்து, "ஆடாம நில்லு தம்பி, சுருட்டி எடுத்துடறேன்" என்று நெருங்கினார். நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மூதாதையர்களின் வீரத்தைப் பற்றிச் சற்று முன்புதான் பேசியிருந்தேன்.

"யாரும் அவன் கண்ணத் தொடக் கூடாது," என்றார் ஸீபி. சத்தம் போடவில்லை, ஆனால் எல்லோரும் நின்றுவிட்டார்கள். "இந்த வீட்டுல கண்ணு போனவன் நான் ஒருத்தன் போதும். அபோமோ, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

"அப்ப சம்பந்தம்?" என்றாள் அத்தை. "உள்ள இத்தனை பேரக் குடிவச்சிருக்கவனுக்கா நம்ம பொண்ணக் குடுக்கறது?"

"அத அப்புறம் பேசலாம். பன்னி இருக்கட்டும்."

பன்றி தங்கியது. நான் துரத்தப்பட்டேன். மோட்டார் சைக்கிளில் எனக்கும் ஓட்டுகிறவனுக்கும் நடுவில் அபோமோ உட்கார்ந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மன்னிப்புக் கேட்க ஒரு நீண்ட வாக்கியத்தை நான் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"வேணாம்," என்றாள் திரும்பாமலே.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் மர்சலின் என்னைப் படுக்க வைத்துக் கண்ணில் மரத்துப்போக மருந்து விட்டார். சின்ன இடுக்கியை எடுத்துக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"போயிடுச்சு," என்றார்.

"செத்துடுச்சா?"

"உள்ள போயிடுச்சு. இது ஒரு எடத்துல நிக்காது, தோலுக்கடியில ஊரு சுத்திக்கிட்டே இருக்கும். கை வீங்குதே, அதுவும் இதோட வேலைதான். பயப்படாதீங்க, பார்வைய எடுக்காது. தோட்டத்துல செவப்பு ஈ கடிச்சு வர்றது."

அத்தனை பேர் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டு, சாட்சி சொல்ல வேண்டிய நேரத்தில் நழுவிவிட்டது. என் சொந்தக்காரர்களில் இப்படிப் பலர் உண்டு.

அன்றைக்கு நிலையத்தில் இன்னொரு கூட்டமும் இருந்தது. ஆற்று ஈயால் வரும் கண்பார்வை நோய்க்கு வருஷா வருஷம் மாத்திரை கொடுப்பார்கள் இல்லையா, அந்தக் குழு வந்திருந்தது. இந்த முறை மாத்திரைக்கு முன் எல்லோர் விரலிலும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, போனில் பொருத்திய சின்னப் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள். என் கண்ணில் ஓடிய வகைப் புழுவின் குஞ்சுகள் பகலில்தான் ரத்தத்தில் உலாவுமாம்.

எனக்கு வீரம் திரும்பியது. அபோமோ பார்க்கட்டும் என்று மேஜைக்குப் போனேன். "எனக்கு ரெண்டு பங்கு மாத்திரை குடுங்க. உள்ள இருக்கற எல்லாத்தயும் இன்னிக்கே கொன்னுடறேன்."

போனை வைத்திருந்த இளைஞன் விரலில் குத்தினான். திரையைப் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். நர்ஸைக் கூப்பிட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. அபூர்வமான ரத்தம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"பாக்கறீங்களா?" என்று திரையைத் திருப்பினான்.

திரை முழுக்க நெளிந்துகொண்டிருந்தது. சந்தை நாளில் கூட்டுரோடு மாதிரி.

"இது என்ன?"

"உங்க ரத்தம்."

"அப்ப சீக்கிரம் மாத்திரையக் குடுங்க!"

"குடுக்க முடியாது," என்றார் மர்சலின். "கொஞ்சம் இருந்தா குடுக்கலாம். உங்களுக்கு எக்கச்சக்கமா இருக்கு. இத முழுங்குனா எல்லாம் ஒரே நேரத்துல சாகும். செத்தது மூளைக்குப் போற ரத்தத்த அடைக்கும். நினைவு தப்பி விழுந்துடுவீங்க. உயிர்கூடப் போகலாம். முந்தின வருஷங்கள்ல முழுங்கினீங்களா?"

யோசித்தேன். மாத்திரை நாட்களில் எங்கள் ஊரில் அதைப் பற்றிப் பேசுவதே நான்தான். எல்லோரும் விழுங்குங்கள், பயப்படாதீர்கள் என்று மேஜை மேல் ஏறி நின்று பேசுவேன். பேசி முடித்ததும் தொண்டை வறண்டுவிடும். கள் குடிக்கப் போவேன். கள்ளுக்கு மேல் மாத்திரை கூடாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுநாள் மறந்துவிடுவேன். வருஷா வருஷம் இதே கதைதான்.

இதைச் சொன்னதும் மர்சலின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் கம்மியாப் பேசியிருந்தா நீங்க எப்பவோ செத்திருப்பீங்க," என்றார்.

அப்போதுதான் அபோமோ அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள். சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். அவளுடைய முதல் கணவனும் நன்றாக இருந்தவன்தான், காய்ச்சலில் ஒரே வாரத்தில் போனவன். வீங்கிய கையால் அவள் தோளைத் தொட்டேன். தட்டிவிடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டால் மெதுவாகக் குறைக்கும் வேறு மருந்து அங்கே உண்டாம். அபோமோவுக்கும் ரத்தம் பார்த்தார்கள். கொஞ்சம்தான் இருந்தது. மாத்திரையை என் கண் முன்னாலேயே விழுங்கினாள்.

ஆற்றின் இரு கரையிலும் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. தெருவில் போனால், "என்னங்க வீட்டுக்காரரே, குடித்தனக்காரங்க சௌக்கியமா?" என்று கேட்டார்கள். சாவு வீட்டில் பேச வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். என் கண்ணைப் பார்த்து யாராவது சிரித்துவிடுவார்கள் என்ற பயமாம்.

மறுவாரம் மாத்திரைக் குழு ஸீபியின் ஊருக்குப் போனது. "நீயும் வா," என்றாள் அபோமோ. "மேஜை பக்கத்துல உக்காரு. மாத்திரை கெடைக்காதவங்க பயப்படுவாங்க. நீ உயிரோட இருக்கறதப் பாத்தா தைரியம் வரும். பேச வேண்டாம். சும்மா உக்காரு, போதும்."

மாமரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். கிராமமே வரிசையில் நின்றது. ஒருவர் பின் ஒருவராக விரலைக் காட்டி, மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் மட்டும் பெஞ்சில் கண்காட்சிப் பொருளாக உட்கார்ந்திருந்தேன்.

ஒடீல் அத்தை வந்தாள். அதே ஆரஞ்சுத் தலைத்துணி. விரலை நீட்டினாள். இளைஞன் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்தான். எனக்கு அந்தச் சைகை தெரியும்.

"எனக்கா?" என்று அத்தை கத்தியது ஆற்றின் அக்கரைக்கே கேட்டிருக்கும். "நான் சுத்தமான பொம்பளடா! அந்தப் பெட்டிய மாத்து! அந்த ஆளோட ரத்தம் ஒட்டிக்கிட்டு இருக்கும் அதுல!"

இன்னொரு முறை குத்தினார்கள். இன்னொரு முறை கண்ணாடியைத் துடைத்தான்.

அத்தை பெஞ்சுக்கு வந்து நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள்.

"தள்ளி உக்காரு," என்றாள்.

தள்ளினேன். பெஞ்சு முனகியது. இரண்டு பேரும் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் குத்து வாங்கிய விரலை மடியில் துடைத்துக்கொண்டாள்.

"செத்துப் போவமா?"

"மாட்டோம் அத்தை. இந்த மாத்திரை வேண்டாம், அவ்வளவுதான். வேற மருந்து இருக்கு. எனக்கும் அதுக்குத்தான் சீட்டு குடுத்திருக்காங்க. ரெண்டு பேரும் சேந்தே ஆஸ்பத்திரி போலாம்."

"ம்." அத்தை குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு உண்மையாவே அது புழுதானா?"

"சத்தியமா புழுதான் அத்தை."

"பாவி," என்றாள். "புதுத் தலைத்துணி கட்டியிருந்தேன். நான் கெட்ட கேட்டுக்கு, ரெண்டு நாள் தூக்கமே வரல."

வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அவளே முதலில் சிரித்தாள், பெஞ்சு குலுங்க.

கடைசியாக ஸீபி வந்தார். அபோமோ கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அவர் ரத்தத்தில் எங்கள் வகைப் புழு இல்லை. மாத்திரையை வாங்கினார்.

"ஐயா, கண்ணு திரும்ப வராதே," என்றான் இளைஞன் தயக்கமாக.

"தெரியும்பா. உடம்பு அரிப்பு அடங்கும், நான் தூங்குவேன். அப்புறம், என்னக் கடிக்கற ஈ என்கிட்டேர்ந்து எதயும் எடுத்துட்டுப் போயி, இங்க ஓடி வெளையாடற பிள்ளைங்களுக்குக் குடுக்கக் கூடாது பாரு." விழுங்கித் தண்ணீர் குடித்தார். "ஒடீல் எங்க?"

"இங்கதான் இருக்கேன். அவன் பக்கத்துல."

"அப்படியா?" கிழவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முகத்தில் சிரிப்பு பரவியது. "இன்னும் அவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேங்கறியா?"

அத்தை பதில் சொல்லவில்லை. அத்தை பதில் சொல்லாதது அந்த ஊருக்குப் புதுசு.

"அபோமோ, உனக்கு இந்த ஆளு வேணுமா?"

"வேணும் பெரியப்பா."

"ஊரே இங்க இருக்கு. பன்னி ஒரு வாரமா என் கெழங்கத் தின்னுட்டு இருக்கு. இன்னிக்கே முடிச்சிடலாம். மாப்பிள்ளை தரப்புல யாரு பேசறது?"

எவூனா அன்றைக்கு லாரியோடு தூவாலா நகரத்துக்குப் போயிருந்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அபோமோ கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரே ஒரு வாக்கியம்," என்றார் ஸீபி.

எழுந்து நின்றேன். ஒரு வாக்கியத்தில் எதைச் சொல்வது? ஆறு, முன்னோர்கள், தோப்பு, எல்லாம் தொண்டையில் வந்து முட்டின. சுகாதார நிலையத்துச் சுவரில் சாய்ந்து அவள் முகத்தை மூடிக்கொண்டது மட்டும் கண் முன் நின்றது.

"உங்க பொண்ணு தனியா இல்லாம பாத்துக்கறேன் ஐயா," என்றேன். குரல் உடைந்துவிட்டது. இந்தத் தடவை புழு காரணமில்லை.

"எந்தக் கண்ணால?" என்று பெஞ்சிலிருந்து ஒடீல் அத்தை கேட்டாள்.

மாமரமே சிரித்த மாதிரி இருந்தது. பன்றியை அவிழ்க்க நாலு பேர் ஓடினார்கள்.

கல்யாணம் முடிந்து ஒரு வருஷமாகிறது. நானும் அத்தையும் சேர்ந்தே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம், சேர்ந்தே மருந்து சாப்பிட்டோம். தோட்டத்தில் இப்போது நான் புகை மூட்டுவதில்லை, நீளக் கால்சட்டை போட்டுக்கொண்டு நிஜமாகவே வேலை செய்கிறேன். கோகோ மரங்களுக்கே நம்ப முடியவில்லை. போன மாதம் மாத்திரைக் குழு மறுபடி வந்தது. அத்தைக்கு அளவு குறைந்துவிட்டது. மாத்திரையை வாங்கி, ஊர் பார்க்க விழுங்கி, என் பக்கம் திரும்பாமலே நிமிர்ந்து நடந்து போனாள்.

எனக்கு இன்னும் கொஞ்சம் அதிகம்தான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான் இளைஞன். பெஞ்சில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். கூட்டுரோட்டிலிருந்து அபோமோ இலையில் சுற்றி நாலு உருண்டை கொண்டுவந்தாள். என் இமையைத் தூக்கி ஒரு தரம் பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஆறிப்போவுது, சாப்பிடு," என்றாள்.